மழையைத் தந்தது விண்மீனா? அரபு விண்மீன் வழக்கும் இடைக்கால இஸ்லாமிய அறிஞர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அன்வா என்று நூல்களில் வருகிறதே, அது என்ன?

எழுதிவைத்த பஞ்சாங்கம் இல்லாத காலத்தில் அரேபியப் பாலைநில மக்கள் வானத்தையே பஞ்சாங்கமாகக் கொண்டிருந்த முறைக்கு அன்வா என்று பெயர். ஒருமையில் அதை நவ்உ என்பார்கள். விடியலுக்குச் சற்று முன், கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும் வேளையில், மேற்கே ஒரு விண்மீன் கூட்டம் அடிவானத்தில் இறங்கி மறையும். அதே நேரத்தில் அதற்கு நேர் எதிரே கிழக்கில் இன்னொரு கூட்டம் தலைகாட்டும். மறைவது நவ்உ. எதிரே எழுவது அதன் ரகீப், அதாவது அதைக் கண்காணித்து நிற்பவன். ஆண்டு முழுவதற்கும் இப்படி 28 கூட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 13 நாள் என்று வைத்தால் 364 நாள் வரும். குறையும் ஒரு நாளைச் சிங்கத்தின் நெற்றி எனப்பட்ட ஜப்ஹாவின் கணக்கில் சேர்த்து, அதற்கு மட்டும் 14 நாள் கொடுத்து 365 ஆக்கினார்கள்.

நாள் எண்ணுவதோடு நின்றிருந்தால் இதில் எந்த அறிஞருக்கும் வழக்கு இருந்திராது. ஆனால் ஒவ்வொரு நவ்உவுக்கும் ஒரு மழையோ காற்றோ வெக்கையோ குளிரோ உரியது என்று பேசும் பழக்கமும் கூடவே வளர்ந்தது. நவம்பர் நடுவில் துரையா என்ற மீன்கூட்டம் மறையும் நாட்களின் மழை நல்ல மழை என்று போற்றப்பட்டது. ஸர்ஃபா என்றால் திருப்பிவிடுவது. விடியலில் அது எழும்போது வெயில் திரும்பிப் போகிறது, விடியலில் அது மறையும்போது குளிர் திரும்பிப் போகிறது என்பதனால்தான் அந்த மீனுக்கு அப்பெயர் வந்தது. பருவம் மாறும் நாளை மீன் காட்டுகிறதா, அல்லது மீனே பருவத்தை மாற்றுகிறதா என்ற கேள்வி இந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

நம் 27 நட்சத்திரங்களுக்கும் இதற்கும் உறவு உண்டா?

உண்டு. துரையா என்பது நம் கார்த்திகை. பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் சுரையா என்ற பெயரும் அதுவே. அதன் பின்னால் வரும் தபரான் நம் ரோகிணி. சிமாக் எனப்பட்ட இரண்டு மீன்களில் ஒன்று நம் சித்திரை. நிலவு இரவுக்கு ஒன்றாகத் தங்கிச் செல்லும் இடங்கள் என்ற பொருளில் இவற்றை மனாஸில் என்றார்கள். அதன் ஒருமை மன்ஸில். நம் ஊர்களில் வீட்டு வாசல் பெயர்ப்பலகையில் காணும் அதே சொல்தான். குர்ஆனின் 10:5, 36:39 ஆகிய வசனங்கள் நிலவின் இந்த மன்ஸில்களைக் குறிப்பிடுகின்றன. மறையும் மீனைக் கொண்டு மழை சொல்வது அரேபியாவின் சொந்த வழக்கு என்றும், 28 இடங்கள் கொண்ட ஒழுங்கான வரிசை இந்தியாவிலிருந்து போய் அதனோடு கலந்தது என்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள்.

வானியல் அறிஞர் அல்-பிரூனி 1030 அளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில் இந்த நட்சத்திர வரிசையை விரிவாக ஆராய்கிறார். அபிஜித்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை 28 ஆகவும் 27 ஆகவும் வருவதை எடுத்துரைத்த அவர், இந்த நட்சத்திரங்களை விரல் நீட்டி வானத்தில் காட்டித் தரக்கூடிய ஒருவரைக்கூடத் தாம் அங்கே சந்திக்கவில்லை என்றும் குறைபட்டுக்கொள்கிறார். இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரபுப் பண்டிதர்கள் மீதும் இதே குறை சொல்லப்பட்டதைப் பின்னால் காண்போம்.

நபி(ஸல்) அவர்கள் விண்மீன் அறிவையே தடுத்துவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் வழக்கமாகக் காட்டும் நபிமொழி ஹுதைபிய்யாவில் சொல்லப்பட்டது. 628ஆம் ஆண்டு மக்காவுக்கு அருகே அவ்விடத்தில் தங்கியிருந்தபோது ஓர் இரவு மழை பெய்தது. சுபுஹு என்ற விடியல் தொழுகையை முடித்து மக்கள் பக்கம் திரும்பிய நபி(ஸல்) அவர்கள், உங்கள் இறைவன் என்ன சொன்னான் என்று தெரியுமா என்று கேட்டுவிட்டு, இறைவனின் கூற்றாக இதை அறிவித்தார்கள்: அல்லாஹ்வின் அருளாலும் கருணையாலும் நமக்கு மழை கிடைத்தது என்று சொன்னவர் என்னை நம்பியவர், விண்மீனை மறுத்தவர், இன்ன நவ்உவால் நமக்கு மழை கிடைத்தது என்று சொன்னவர் என்னை மறுத்தவர், விண்மீனை நம்பியவர். ஸைத் இப்னு காலித் அல்-ஜுஹனீ அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு தொகுப்புகளிலும் இடம்பெற்றிருக்கிறது.

கண்டிக்கப்பட்டது விண்மீனைப் பார்ப்பது அன்று, மழைக்கு அதைக் கர்த்தாவாக்கும் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தின் சிக்கல் முழுவதும் 'பி' என்ற ஓரெழுத்து இடைச்சொல்லில் இருக்கிறது. "முதிர்னா பி-நவ்இ கதா" என்ற அரபுத் தொடரில் வரும் 'பி' காரணத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். தமிழில் நமக்கு இந்தக் குழப்பம் இல்லை. "துரையாவால் மழை பெய்தது" என்றால் மூன்றாம் வேற்றுமை. மீன்தான் மழையைத் தந்தது. "துரையாவில் மழை பெய்தது" என்றால் ஏழாம் வேற்றுமை. அந்த நாட்களில் மழை பெய்தது, அவ்வளவே. கார்த்திகையில் மழை பெய்தது என்று சொல்பவரை நாம் எவரும் கார்த்திகையை வணங்குபவர் என்று எண்ணுவதில்லை. ஆலுக்கும் இல்லுக்கும் உள்ள இந்த இடைவெளியைத்தான் அரபு மொழியில் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

சட்ட அறிஞர்கள் இறுதியில் எந்தப் பக்கம் நின்றார்கள்?

820இல் காலமான இமாம் ஷாஃபிஈ இந்த இரண்டு பொருளையும் தெளிவாகப் பிரித்தார். இணைவைப்போரில் சிலர் கருதியதுபோல மழையை நவ்உவே தருகிறது என்ற எண்ணத்தில் சொன்னால் அது இறைமறுப்பு. இன்ன நவ்உவின் காலத்தில் மழை கிடைத்தது என்ற எண்ணத்தில் சொன்னால் அது இறைமறுப்பு ஆகாது, ஆயினும் வேறு சொற்களில் சொல்வதையே தாம் விரும்புவதாக அவர் எழுதினார். மழைத்தொழுகையின்போது கலீஃபா உமர் மிம்பர் என்ற உரைமேடையில் நின்றபடி, நபியின் சிறிய தந்தை அப்பாஸை நோக்கி, துரையாவின் நவ்உவில் இன்னும் எத்தனை நாள் மீதம் இருக்கிறது என்று கேட்ட செய்தியையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். மழையை இறைவனிடம் வேண்டிக்கொண்டே மழைக்காலத்தில் எஞ்சிய நாட்களை விண்மீனைக் கொண்டு கணக்கிட்டவர் உமர். இரண்டுக்கும் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

1277இல் காலமான அந்-நவவீ இன்னும் ஒரு படி கறாராக நின்று, காலத்தைக் குறித்துச் சொன்னாலும் அது வெறுக்கத்தக்க பேச்சே என்றார். இஸ்லாத்துக்கு முந்திய அறியாமைக் காலத்தினரின் சொற்றொடரைப் போல ஒலிப்பது அதற்கு ஒரு காரணம். ஆகப் பொருளில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை, நாவின் ஒழுங்கில்தான் ஏற்ற இறக்கம் இருந்தது.

மதீனாவின் பேரீச்சந்தோட்டத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நபித்தோழர் ஸைத் இப்னு ஸாபித், துரையா எழும்வரை தம் நிலத்துக் கனிகளை விற்கமாட்டார் என்று புகாரியில் ஒரு செய்தி வருகிறது. அதற்குள் மஞ்சள் காயும் சிவப்புக் காயும் வேறு வேறாகத் தெரிந்துவிடும் என்பது அங்கேயே சொல்லப்பட்ட விளக்கம். கோடையின் தொடக்கத்தில் விடியலில் துரையா கிழக்கே தெரியத் தொடங்கும்போது காய் நோய்க்குத் தப்பி நிலைத்துவிட்டதென்று தோட்டக்காரர் நம்பலாம். அதற்கு முன் விற்றால், பின்னால் காய் கருகி உதிரும்போது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் சண்டை வரும். இங்கே மீன் யாரையும் காப்பாற்றவில்லை. வியாபாரத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தது.

அப்படியானால் அன்வாவைப் பற்றித் தனி நூல்களே எழுதியவர்கள் எதற்காக எழுதினார்கள்?

பாக்தாதில் வாழ்ந்து 889இல் காலமான இப்னு குதைபா இதில் முதன்மையானவர். பழைய அரபுக் கவிதையில் விண்மீன் இல்லாத பாட்டைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அன்வா தெரியாமல் அவற்றைப் படிப்பது திணையும் பொழுதும் தெரியாமல் அகப்பாட்டைப் படிப்பதற்கு ஒப்பானது. ஆகவே மொழி கற்பவருக்கு உதவியாக அந்நூல் எழுந்தது என்று சொல்லலாம். ஆனால் அவருக்கு வேறு ஒரு நோக்கமும் இருந்தது. கிரேக்க நூல்கள் அரபு மொழிக்கு வந்து குவிந்துகொண்டிருந்த காலம் அது. பிறநாட்டுத் தத்துவவாதிகளும் கணக்கர்களும் சொல்வதைத் தாம் ஒதுக்கிவைப்பதாகவும், அரபு மக்களின் அறிவோ கண்ணுக்கு நேரே தெரிவது, சோதித்தால் உண்மையாவது, நிலத்திலும் கடலிலும் செல்பவர்க்குப் பயன்படுவது என்றும் அவர் முன்னுரையில் எழுதினார்.

இதைப் படித்த அல்-பிரூனிக்குப் பொறுக்கவில்லை. 1000 அளவில் எழுதிய காலக்கணக்கு நூலில் அவர் இப்னு குதைபாவை நேராகவே சாடுகிறார். விண்மீன்களின் எழுச்சியும் மறைவும் அரபு மக்களுக்கே மற்றெல்லாரையும்விட நன்கு தெரியும் என்பது, எந்த ஊர் உழவனுக்கும் தெரிந்ததை அறியாமல் சொன்னதா, அறிந்தும் அறியாததுபோல் சொன்னதா என்று கேட்கிறார். கூரை இல்லாமல் வானத்தையே கூரையாகக் கொண்டு படுப்பவன், தினமும் தன் தலைக்குமேல் ஒரே ஒழுங்கில் போய்வரும் மீன்களைக் கொண்டு தன் வேலைக்கு நாள் குறிக்காமல் வேறு எதைக் கொண்டு குறிப்பான் என்பது அவர் வாதம். அரபு மேன்மைக்காக வாதாடிய இப்னு குதைபாவே பாரசீக வழி வந்தவர் என்பது இந்தச் சண்டையின் சுவை.

விண்மீன்களைப் பற்றி அவர்கள் சொன்ன கதைகள் எப்படிப்பட்டவை?

நம் ஊரில் அகத்தியர் என்று அறியப்படும் தென்வானத்து மீன் அவர்களுக்கு சுஹைல். சுஹைல், ஓரியன் கூட்டமாகிய ஜவ்ஸாவை மணந்தான். மணநாளில் அவள் முதுகை முறித்துவிட்டுத் தெற்கே ஓடிப்போனான். அவனுக்கு ஷிஃரா என்ற பெயரில் இரண்டு சகோதரிகள். ஒருத்தி பால்வீதியைக் கடந்து அவன் பின்னால் போனதால் அவளுக்கு அபூர், கடந்தவள், என்று பெயர்; இன்று சிரியஸ் எனப்படும் மீன் அவள். கடக்க முடியாமல் இக்கரையில் நின்றவள் அழுது அழுது கண் பூளை கட்டியதால் குமைஸா ஆனாள். வானத்தில் முதலாமவள் பிரகாசமாகவும் மற்றவள் சற்று மங்கலாகவும், இருவருக்கும் இடையே பால்வீதி ஓடுவதும் இன்றும் வெறுங்கண்ணுக்குத் தெரியும். துரையாவைப் பெண் கேட்டுப் போகும் தபரான், பரிசமாகச் சிறு ஒட்டகக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே காலமெல்லாம் போய்க்கொண்டிருக்கிறான் என்பது இன்னொரு கதை.

இந்தக் கதைகளை எந்தச் சட்ட அறிஞரும் ஆபத்தானவையாகப் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை. இவர்களில் ஷிஃரா அபூரை மட்டும் வணங்கியவர்கள் இருந்ததனால், ஷிஃராவின் இறைவனும் அவனே என்று குர்ஆனில் 53:49 தனித்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பது விரிவுரையாளர்கள் தரும் விளக்கம்.

கிரேக்க வழி வந்த வானியல் அறிஞர்கள் இந்த நாட்டார் வழக்கை இகழ்ந்தார்களா?

பெரும்பாலும் இல்லை, அவர்கள் இகழ்ந்தது வானத்தைப் பார்க்காமல் எழுதியவர்களை. 903 முதல் 986 வரை வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி 964 அளவில் நிலைமீன்களைப் பற்றி எழுதிய பெருநூலில், பழைய கிரேக்க வானியலார் தாலமியின் 48 கூட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அதே மீன்களுக்கு அரபு மக்கள் வழங்கிய பெயர்களையும் பக்கத்திலேயே பதிவு செய்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு படங்கள்: வானத்தில் தெரிவது ஒன்று, கோளத்தின்மேல் வரைந்தால் தெரிவது மற்றொன்று. தொலைநோக்கி இல்லாத காலத்தில் ஆண்ட்ரோமீடா அண்டத்தைச் சிறு மேகம் என்று குறித்தவரும் அவரே.

விண்மீன்களைத் தேடுவோர் இரண்டு வகை என்று அவர் முன்னுரையில் சொல்கிறார். ஒரு வகையினர் வானியலாரின் வழி செல்பவர்கள். இவர்களில் பெரும்பாலோர் மீன்களைக் கண்ணால் காணாதவர்கள் வரைந்த கோளங்களை நம்பினார்கள். மற்ற வகையினர் அரபு வழக்கைப் பின்பற்றி அன்வா நூல்களை நம்பினார்கள். அந்த நூல்களில் மிக நிறைவானது அபூ ஹனீஃபா அத்-தீனவரி எழுதியது என்று பாராட்டிவிட்டு, அரபுப் பாட்டிலும் சொல்லிலும் அவருக்கிருந்த தேர்ச்சி வெளிப்படையானது, ஆனால் மீன்களைக் கண்ணால் பார்த்து அறிந்தது எவ்வளவு என்பது எனக்குத் தெரியவில்லை என்று சந்தேகம் எழுப்புகிறார். அந்தச் சந்தேகத்தோடு அவர் 946 அளவில் தீனவர் நகருக்கே போனார். அபூ ஹனீஃபா வாழ்ந்த வீட்டில் தங்கி, அவர் இந்த மாடியிலிருந்துதான் பல்லாண்டுகள் வானத்தைப் பார்த்தார் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னதையும் கேட்டு எழுதினார். ஒரு நூலாசிரியர் உண்மையிலேயே மொட்டைமாடிக்கு ஏறினாரா என்று விசாரிக்க ஊர் தேடிப் போன இந்த ஒரு செயலே அக்கால அறிவுலகத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இந்தச் சந்தேகத்துக்குக் கணக்கியல் காரணமும் உண்டு. நிலைமீன்கள் என்று சொல்லப்பட்டாலும் அவை பருவத்தோடு ஒப்பிடும்போது மெல்ல நகர்கின்றன. தாலமி இதை 100 ஆண்டுக்கு 1 பாகை என்றார். அஸ்-ஸூஃபி 66 ஆண்டுக்கு 1 பாகை என்ற அளவைக் கொண்டு தாலமியின் அட்டவணைக்கு 12 பாகை 42 கலை சேர்த்தார். இன்றைய அளவு ஏறக்குறைய 72 ஆண்டு. அதாவது ஒரு மீன் விடியலில் எழும் நாள், ஓர் ஆளின் ஆயுட்காலத்தில் ஒரு நாளளவு தள்ளிப்போகும். மீன் எழும் பருவத்தைச் சொல்லும் பழைய எதுகைப் பாட்டை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு இது தெரியாது.

கிப்லாவைக் கண்டறிய விண்மீன்களைப் பயன்படுத்தினார்களா?

மிகுதியாகவே பயன்படுத்தினார்கள். கிப்லா என்பது தொழும்போது முகம் நோக்க வேண்டிய, மக்காவிலுள்ள கஅபாவின் திசை. தூரத்து ஊர்களில் கோளக் கணிதம் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? கஅபாவின் ஒவ்வொரு பக்கமும் ஏதேனும் ஒரு மீன் எழும் அல்லது மறையும் திசையை, ஏதேனும் ஒரு காற்றை, எதிர்நோக்குகிறது என்று சட்ட நூல்களே எழுதின. அதன் நீள அச்சு சுஹைல் எழும் திசையை நோக்கியிருப்பது அளந்து பார்த்தாலும் பொருந்துகிறது. எகிப்தில் நபித்தோழர்கள் நிறுவிய கிப்லா குளிர்கால நடுவில் சூரியன் உதிக்கும் திசை, அதாவது கிழக்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய 27 பாகை. பின்னால் வந்த வானியலார் கணக்கிட்டுக் கண்டது 37 பாகை. எது சரி?

கெய்ரோவின் கட்டடக்காரர்கள் இரண்டையும் விட்டுவிடவில்லை. எகிப்தை மம்லூக் அரசர்கள் ஆண்ட காலத்துப் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் சிலவற்றில், வெளிச்சுவர் பழைய தெருவோடு ஒட்டி ஓடும். உள்ளே தொழும் இடமோ சற்றே திரும்பி வானியலாரின் கிப்லாவை நோக்கும். அதனால் ஒரே சுவர் ஒரு முனையில் மெலிந்தும் மறுமுனையில் பருத்தும் இருக்கும். சன்னல் பொந்துக்குள் கையை விட்டுப் பார்த்தால் ஒரு சன்னலுக்கும் அடுத்ததற்கும் ஆழம் வேறுபடும். இரண்டு மரபுகளுக்கும் இடையே இருந்த 10 பாகை அங்கே கல்லாகக் கிடக்கிறது.

அல்-பிரூனிக்கு இந்தச் சமரசம் பிடிக்கவில்லை. 1025இல் முடித்த, ஊர்களின் இடங்களை அளந்தறியும் நூலில், கிப்லாவைக் கேட்டால் காற்று வீசும் திசையையும் நிலா மன்ஸில்களின் எழுச்சியையும் பேசித் திகைத்து நிற்பவர்களை அவர் எள்ளுகிறார். கணக்கில் அவர் பக்கம்தான் நியாயம். ஆனால் கணக்குத் தெரியாதவர் அன்று இரவு எந்தப் பக்கம் நின்று தொழுவது என்ற கேள்விக்கு அவரிடம் எளிய விடை இல்லை. சட்ட அறிஞர்களிடம் இருந்தது.

சோதிடத்தை இவர்கள் எங்கே வைத்தார்கள்?

தனியாக வைத்தார்கள். விண்மீன்கள் வானத்துக்கு அழகாகவும், ஷைத்தான்களை எறியும் கற்களாகவும், வழிகாட்டும் அடையாளங்களாகவும் படைக்கப்பட்டன, இதற்கு மேல் பொருள் சொன்னவர் தவறினார் என்று பழைய குர்ஆன் விரிவுரையாளர் கதாதா சொன்னதைப் புகாரி பதிவு செய்திருக்கிறார். 1071இல் காலமான கத்தீப் அல்-பக்தாதி இதற்கென்றே தனி நூல் எழுதி, மீன்களின் பெயர், எழுச்சி, மறைவு, கிப்லா, தொழுகை நேரம் ஆகியவற்றை அறிவது ஆகுமான அறிவு என்றும், அவற்றைக் கொண்டு மனிதரின் பிறப்பு இறப்பு வாழ்வு தாழ்வைச் சொல்வது ஆகாதது என்றும் பிரித்தார். தத்துவவாதி இப்னு ஸீனாவும் மார்க்க அறிஞர் இப்னுல் கய்யிமும் முற்றிலும் வேறான இரண்டு வழிகளில் நின்று சோதிடத்தை மறுத்தார்கள். அரசவைகளிலோ சோதிடருக்குக் குறைவே இருக்கவில்லை.

கிரகணத்தைப் பற்றிய கணக்கு மார்க்கத்துக்கு முரணானதாகக் கருதப்பட்டதா?

632இல் நபி(ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. அந்தத் துக்கத்தால்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் இரண்டு சான்றுகள், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்று நபி(ஸல்) அவர்கள் மறுத்துத் தொழுகைக்கு அழைத்தார்கள். தம் மகனின் பெயரால் எழுந்த கதையைத் தாமே கலைத்துவிட்டார்கள்.

இந்த நபிமொழி கணக்குக்கு எதிரானதல்ல என்று 1111இல் காலமான கஸ்ஸாலி வாதிட்டார். நிலவு இடையில் வருவதால் சூரிய கிரகணமும், பூமியின் நிழல் விழுவதால் சந்திர கிரகணமும் நிகழ்வது கணக்கால் ஐயமற நிறுவப்பட்டது. அதை மறுப்பதுதான் மார்க்கக் கடமை என்று நினைப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்று எழுதியவர் அவர். தத்துவவாதிகளைக் கடுமையாக மறுத்த அதே நூலின் தொடக்கத்தில்தான் இதையும் எழுதினார்.

பிறை விஷயத்தில் பெரும்பாலோர் கண்ணால் காண்பதையே வற்புறுத்தினார்கள். 1355இல் காலமான தகிய்யுத்தீன் அஸ்-ஸுப்கியோ, பிறை தெரிய வழியே இல்லை என்று கணக்கு உறுதியாகக் காட்டும்போது அதைக் கண்டதாக வரும் சாட்சியத்தை ஏற்கலாகாது என்றார்.

இந்த வழக்கு இன்று எஞ்சியிருக்கிறதா?

வளைகுடா நாடுகளில் உயிரோடு இருக்கிறது. ஆகஸ்ட் 24 அளவில் விடியலில் சுஹைல் தெற்கே தெரிவதை அங்கே இன்றும் எதிர்பார்த்திருப்பார்கள். "சுஹைல் எழுந்தால் இரவு குளிரும், வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டும், ஒட்டகக் கன்றுக்குக் கேடு" என்று இப்னு குதைபா பதிவு செய்த எதுகை வாக்கின் முதல் பகுதி இன்னும் பலர் வாயில் இருக்கிறது. கன்றுக்குக் கேடு என்றது, அந்த நாட்களில் அதைப் பால் மறக்கடிப்பார்கள் என்பதனால். அக்டோபர் 16 அளவில் வஸ்ம் என்ற மழைக்காலம் தொடங்குவதாகக் கணக்கு. முதல் மழை விழும்போது அங்குள்ளவர்கள் ஹுதைபிய்யாவில் சொல்லப்பட்ட சொற்களையே சொல்கிறார்கள்: "முதிர்னா பி-ஃபள்லில்லாஹி வ ரஹ்மதிஹ்", அல்லாஹ்வின் அருளாலும் கருணையாலும் நமக்கு மழை கிடைத்தது.